விரலுறை கொடுக்காமல் வில்லைக் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டெல்டா மாவட்டப் பள்ளிப் பிள்ளைகளிடையே மரபு வில்வித்தை மீண்டும் பரவி வருவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். சிலம்பக் கூடங்களுக்குப் பக்கத்திலேயே வைக்கோல் பிரி சுற்றிய இலக்கு நிற்பது பார்க்க மகிழ்ச்சியான காட்சி. ஆனால் செய்தியோடு வந்த படத்தில் ஒரு பிள்ளையின் விரலிலும் உறை இல்லை, ஒருவர் முன்கையிலும் காப்பு இல்லை. 'விரல் காய்ச்சாத்தான் வில்லு வசப்படும்' என்று பெற்றோர் சிலரே பெருமையாகச் சொல்வதும் காதில் விழுகிறது. விஜயதசமிக்குப் புதிதாகப் பிள்ளைகளைச் சேர்க்கும் நேரம் இது. வெறுங்கையில் நாண் இழுப்பது வீரமும் இல்லை, மரபும் இல்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் மரபு. விசுவாமித்திரர் பின்னால் நடந்து போகும் இராம லட்சுமணர்களை வால்மீகி வருணிக்கும் இடத்தில், கையில் தோல் காப்பும் விரலில் உறையும் கட்டியவர்களாகவே அவர்களைக் காட்டுகிறார். அந்தக் காப்புக்கு உடும்புத் தோலைச் சொல்வார்கள். (உடும்பு இன்று வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர். அந்தத் தோலை யாரும் தேடிப் போக வேண்டாம், மாட்டுத் தோலே போதும்.) முகலாயர் ஜேட் என்ற பச்சைக்கல்லில் கட்டைவிரல் வளையம் செய்து போட்டார்கள். துருக்கியரும் கொரியரும் கொம்பிலும் எலும்பிலும் செய்தார்கள். ஜப்பானிய வில்லாளி கட்டைவிரல் பகுதி கெட்டியாக்கப்பட்ட மான்தோல் கையுறை இல்லாமல் வில்லைத் தொடுவதில்லை. 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலை வெளியே எடுத்தபோது, வில்களோடு முன்கைக் காப்புகளும் கிடைத்தன. வில்லை நம்பிப் போருக்குப் போனவர்கள் கையையும் காத்துக்கொண்டார்கள். நம் ஊரிலேயே பாருங்கள்: தவில் வித்வான் வலக்கை விரல்களுக்குக் கூடு மாட்டாமல் கச்சேரியில் உட்காருவதில்லை. அதை யாராவது பலவீனம் என்பார்களா?

இனி உடம்புக் கணக்கு. வில்லின் இழுவிசையைக் களத்தில் பவுண்டில் சொல்வது வழக்கம். 20 பவுண்டு வில் என்றால் முழுதாக இழுத்து நிற்கும்போது ஏறத்தாழ 9 கிலோ சுமை. 30 பவுண்டு என்றால் 13 கிலோவுக்கு மேல். அவ்வளவும் சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு சரட்டின் வழியாக இரண்டரை விரலின் சதையில் இறங்குகிறது. விரலின் இரண்டு பக்கமும் உணர்வு நரம்புகள் ஓடுகின்றன. திரும்பத் திரும்ப நாண் அழுத்தும்போது முதலில் சிவக்கும், பிறகு கொப்புளம், அதற்குப் பிறகு நுனியில் மரத்துப் போன உணர்வு. கொப்புளம் ஆறிவிடும். மரத்துப் போவதுதான் கவலைக்குரியது. பயிற்சி முடிந்து மறுநாளும் விரல் நுனி மதமதவென்று இருந்தால், அது நரம்பு நசுங்குவதன் அறிகுறி. அது முழுதும் மாறும் வரை நாணைத் தொடக் கூடாது. சில நாளில் மாறவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. வலிக்கும் விரல் நாணை ஒழுங்காக விடாது. விடும் கணத்தில் பிள்ளை பயந்து விரலைப் பட்டென்று விரிக்கும், அல்லது நாணைக் கன்னத்திலிருந்து வெளிப்பக்கமாகப் பிடுங்கும். அம்பு பக்கவாட்டில் ஓடும். 'குறி சரியில்லை' என்று ஆசான் கண்ணைத் திருத்திக்கொண்டிருப்பார், பிழையோ விரலில் இருக்கும். முதல் மாதத்தில் பதிந்த இந்தப் பயம் பிறகு எவ்வளவு நல்ல உறை மாட்டினாலும் எளிதில் போகாது. அதனால்தான் உறை முதல் நாளே வேண்டும் என்கிறேன். கை பழகிய பிறகு கொடுத்துக்கொள்ளலாம் என்பது தலைகீழான வழி.

விரல் வைக்கும் முறைக்கு வருகிறேன். இங்கே டெல்டாவுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பிள்ளைகளில் பலர் பரதம் கற்றவர்கள், கற்காதவர்களும் கோயிலில் சிற்பம் பார்த்து வளர்ந்தவர்கள். நாண் இழுப்பதைக் காட்ட ஆட்டத்தில் கடகாமுகம் பிடிப்பார்கள்: கட்டைவிரலும் ஆள்காட்டியும் நடுவிரலும் நுனியில் சேரும். வடுவூர் கோதண்டராமர் திருமேனியைத் தரிசித்தவர்களுக்கும் அந்த வலக்கையின் நயம் கண்ணிலேயே நிற்கும். ஆகவே வில்லைக் கையில் கொடுத்ததும் பிள்ளை அம்பின் வாலைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டியாலும் கிள்ளிப் பிடித்து இழுக்கிறது. மிக மெல்லிய வில்லில் இப்படி இழுக்க முடியும். உலகில் பல பழங்குடிகள் இப்படி எய்தும் இருக்கிறார்கள். ஆனால் சுமை முழுவதும் கிள்ளும் வலுவில் நிற்பதால், 15 பவுண்டைத் தாண்டும்போதே பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பாதி வழியில் வழுக்கிவிடும். சிற்பத்தில் இருப்பது அழகுக்கான முத்திரை. அதைப் பார்த்து விரல் வைக்கக் கூடாது.

பெரும்பாலோருக்குப் பொருந்துவது மூன்று விரல் முறை. அம்பின் வாலில் நாண் புகும் பிளவை நாக் (nock) என்போம், வாயிலுள்ள நாக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நாக்குக்கு மேலே ஆள்காட்டி, கீழே நடுவிரலும் மோதிரவிரலும். நாண் விரலின் நுனிச் சதையில் உட்காரக் கூடாது. நுனியிலிருந்து எண்ணினால் வரும் முதல் மடிப்பில், அல்லது அதற்கு ஒரு நூல் உள்ளே உட்கார வேண்டும். நடுவிரல் நீளமாக இருப்பதால் அது மற்ற இரண்டைவிடச் சற்றுக் கூடுதலாக மடங்கும். சுமையில் ஏறக்குறைய பாதியை நடுவிரல் தாங்கட்டும், மீதியில் பெரும்பங்கை ஆள்காட்டி எடுத்துக்கொள்ளட்டும், மோதிரவிரல் துணைக்கு இருந்தால் போதும். நுனிச் சதையில் பிடித்தால் வழுக்காமல் இருக்க முன்கைத் தசை முழுவதும் இறுகும், தோலும் நுனியில்தான் கிழியும். அதற்கு மாறாக இரண்டாம் மடிப்பு வரை நாணை உள்ளே விட்டுக் கொக்கி போட்டால், விடும்போது நாண் விரலின் முழு நீளத்தையும் உரசிக்கொண்டு போகும்.

விரல்தான் மடங்க வேண்டும், புறங்கை மடங்கக் கூடாது. மணிக்கட்டு முதல் விரல் கணு வரை புறங்கை தட்டையாக, முன்கையோடு ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் தளர்வாக மடக்கிச் சுண்டுவிரலைத் தொடச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் மணிக்கட்டு தானாக நேராகும், கட்டைவிரல் கழுத்தில் இடிக்கவும் செய்யாது. இழுத்து முடிக்கும் இடம் வாயோரம். ஆள்காட்டியின் நுனி ஒவ்வொரு முறையும் அங்கேயே வந்து தொட வேண்டும்.

புதியவர்களிடம் தவறாமல் வரும் பிழை: இழுக்க இழுக்க அம்பு வில்லை விட்டு விலகி வெளிப்பக்கமாக விழுந்துவிடும். 'அம்பு நிக்க மாட்டேங்குது' என்று இடக்கை ஆள்காட்டியால் அம்பை அணைத்துப் பிடிக்கத் தொடங்குவார்கள். அந்தப் பழக்கம் ஆபத்தானது. அம்பு பாயும்போது அந்த விரல் இறகின் வழியில் நிற்கும். அம்பு விழுவதற்குக் காரணம் வலக்கையில்தான் இருக்கிறது. வில் வளைய வளைய நாண் விரலிடத்தில் கூர்மையான கோணமாக மடிகிறது. அப்போது ஆள்காட்டியும் நடுவிரலும் ஒன்றையொன்று நெருங்கி நாக்கை நசுக்குகின்றன. கூடவே பிள்ளை விரலைச் சுருட்டினால் நாண் முறுக்கிக்கொண்டு அம்பைத் தள்ளிவிடும். நாக்குக்கும் இரண்டு விரலுக்கும் நடுவே 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுக் கொக்கி போடச் சொல்லுங்கள். இழுக்கும் முன்பே விரல் முழுதாக மடங்கியிருக்க வேண்டும், இழுக்கும் வழியில் மேலும் மடக்கக் கூடாது. உறையின் பிளவில் இரண்டு விரலுக்கும் இடையே சிறு தோல் உருண்டை தைத்து வைத்தாலும் நாக் நசுங்காது.

இந்த நசுக்கல் வில்லின் நீளத்தைப் பொறுத்தது. 62 அங்குலத்துக்கு மேல் நீளமுள்ள வில்லில் பெரியவர்கள் 28 அங்குலம் வரை இழுத்தாலும் மூன்று விரலுக்கு இடம் இருக்கும். இப்போது இணையத்தில் வாங்கும் குதிரைவீரர் பாணிக் குட்டை வில்கள் 48 முதல் 54 அங்குலம்தான். அவற்றை மூன்று விரலால் முழுக்க இழுத்தால் விரல் நசுங்காமல் இருக்க வழியே இல்லை. அவை கட்டைவிரலால் நாண் இழுப்பதற்காகப் பிறந்த வில்கள். வில்லை வாங்கிவிட்டு விரலைக் குறை சொல்வதைவிட, எந்த முறையில் எய்யப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டு வில்லை வாங்குவது நல்லது.

மூன்று விரலையும் நாக்குக்குக் கீழே வைக்கும் முறையும் உண்டு. அம்பு கண்ணுக்குக் கிட்டத்தில் வரும், நாக் நசுங்காது, சின்னப் பிள்ளைகளுக்கு எளிது. ஆனால் அம்பை நாணில் பொருத்தும் இடத்தைச் சற்று ஏற்ற வேண்டும். அந்த இடத்தில் நூல் சுற்றி ஓர் அடையாளம் கட்டுவது கட்டாயம். அம்பு வில்லுக்குச் செங்குத்தாக நிற்கும் இடத்திலிருந்து ஏறத்தாழ 1 செ.மீ. மேலே தொடங்கலாம். கீழ்முறைக்கு அதைவிட அரை செ.மீ. வரை கூட்டிப் பார்க்கலாம். இந்த அடையாளம் தாழ்ந்துவிட்டால் அம்பின் வால்பகுதி கீழ்நோக்கி உதைத்து, இறகு இடக்கை விரலைக் கீறும். 'கையில ரத்தம் வருது' என்ற புகாரில் பாதி இந்த நூல்கட்டின் கோளாறு.

கட்டைவிரல் முறை பற்றி. ஏகலைவனிடம் வலக்கைக் கட்டைவிரலைக் கேட்டதன் பொருள், நாண் இழுத்தவருக்குத்தான் முழுதாகப் புரியும். விரலைக் கொடுத்த பிறகும் மீதி விரல்களால் அவன் எய்தான், பழைய கைவேகம்தான் போயிற்று. இந்த முறையில் கட்டைவிரலை நாணைச் சுற்றிக் கொக்கி போட்டு, அதன் நகத்தின் மேல் ஆள்காட்டியின் நுனிப்பகுதி பூட்டாக அமர்கிறது. ஆள்காட்டி கட்டைவிரலைத்தான் பூட்ட வேண்டும், நாணை இழுக்கக் கூடாது. அதன் பக்கவாட்டு அம்பை வில்லோடு மெல்ல அணைத்திருந்தால் போதும். ஆள்காட்டியின் உள்பக்கம் தோல் உரிகிறது என்றால் அது நாணைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இதற்கு வளையம் வேண்டும். நகைக்கடை மோதிரமோ இரும்பு வாஷரோ வளையம் ஆகாது. சரியான வளையம் உள்ளே முட்டை வடிவில் இருக்கும். பக்கவாட்டில் மாட்டி, கணுவைத் தாண்டியதும் கால்வட்டம் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். அதன் உதடு கட்டைவிரலின் சதைப்பக்கம், நுனியை நோக்கி நீளும். நாண் அந்த உதட்டுக்குப் பின்னால், கணு மடிப்பை ஒட்டி உட்காரும். கட்டைவிரலை மடக்கிய நிலையில் மறுகையால் உருவிப் பாருங்கள். வந்துவிட்டால் அது பெரிது. பெரிதான வளையம் அம்போடு சேர்ந்து பறக்கும், போகிற போக்கில் நகக்கண்ணையும் கிழிக்கும். விரல் நுனி கறுத்தால் அது சிறிது. வெயில் நேரத்தில் விரல் சற்று உப்பும் என்பதால் காலையில் அளவு எடுத்ததை மதியம் ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும். தொடங்குபவர்களுக்கு 2 மி.மீ. தோலில் செய்த வளையமே நல்லது. உணர்வு தெரியும், அளவும் விட்டுக்கொடுக்கும்.

வலக்கையால் நாண் இழுப்பவருக்கு மூன்று விரல் முறையில் அம்பு வில்லின் இடப்பக்கம், கட்டைவிரல் முறையில் வலப்பக்கம். இது விருப்பம் அல்ல. சரியாக இழுக்கும்போது விரலின் அழுத்தத்தால் நாணுக்கு ஒரு சிறு முறுக்கு வரும். அந்த முறுக்கு அம்பை வில்லோடு சேர்த்து அணைக்கும் பக்கத்தில்தான் அம்பு இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் அதே முறுக்கு அம்பைத் தள்ளிவிடும். இடக்கைப் பழக்கம் உள்ள பிள்ளைக்கு எல்லாவற்றையும் திருப்பிக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையை வலக்கைக்கு மாற்ற முயல வேண்டாம்.

விரலுறை செய்வது பெரிய காரியம் இல்லை. கடையில் வாங்கலாம், ஊரில் செருப்பு தைப்பவரிடம் தோல் வாங்கி நாமே வெட்டியும் கொள்ளலாம். பிள்ளையின் மூன்று விரலையும் ஒட்டி வைத்துத் தாளில் வரைந்துகொள்ளுங்கள். நுனிக்கு வெளியே 3 மி.மீ. விட்டு, கீழே விரல் அடி வரை நீளம் எடுங்கள். சுமார் 2 மி.மீ. தடிமனுள்ள மாட்டுத் தோல், வழவழப்பான பக்கம் நாணைப் பார்க்க வேண்டும். விரல் பக்கம் மெல்லிய ஆட்டுத் தோலோ கம்பளித் துணியோ ஒட்டித் தையுங்கள். ஆள்காட்டிக்கும் நடுவிரலுக்கும் இடையே நுனியிலிருந்து 3 செ.மீ. ஆழத்துக்கு, 1 செ.மீ. அகலத்தில் ஒரு பிளவு. நாக் அதில்தான் நுழையும். மூன்றும் கீழே வைப்பவர்களுக்குப் பிளவு வேண்டாம். அடிப்பகுதியில் நடுவிரல் நுழைய ஒரு துளை அல்லது தோல் வளையம் வைத்தால் உறை கையிலேயே நிற்கும். நுனிக்கு வெளியே தோல் அதிகம் நீண்டால் நாண் அதில் தட்டித் தடுமாறும், குறைந்தால் நுனிச் சதை வெளியே தெரியும். இரண்டும் கெடுதல்.

புது உறை விறைப்பாக இருக்கும். அம்பு இல்லாமல் நாணில் வைத்து மெதுவாக இழுத்து மெதுவாகவே திரும்ப விட்டு அதைப் பழக்கலாம். ஆனால் அம்பு இல்லாத நாணை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. அம்பு எடுத்துப் போக வேண்டிய விசை முழுவதும் வில்லிலேயே தங்கும், மூங்கில் வில் பிளந்து முகத்தில் அடிக்கும். கண்காட்சிகளில் வேடிக்கை பார்க்க வருபவர்கள் செய்யும் முதல் வேலை இதுதான். வில்லைக் கையில் கொடுப்பவர் இதைச் சொல்லிவிட்டே கொடுக்க வேண்டும்.

சைக்கிள் டியூபை வெட்டி மாட்டுவதைப் பல இடங்களில் காணலாம். ரப்பர் நாணோடு ஒட்டிக்கொள்ளும், விடுதல் ஒரு போதும் ஒரே மாதிரி இருக்காது. பிளாஸ்திரி, மின்கம்பி ஒட்டும் டேப் இரண்டும் வியர்வையில் சுருண்டுவிடும். நாணுக்குத் தேவை வழுக்கிப் போகும் வழவழப்பான முகம். தோலுக்கு இணை எதுவும் இல்லை என்றே சொல்வேன். கையுறை வகை உறைகளில் விரல் சுதந்திரமாக இருக்கும், வேகமாக எய்யலாம். ஆனால் பிள்ளைகள் வளரும் வேகத்துக்கு ஆண்டுதோறும் அளவு மாறும், தையல் விரல் நுனியில் உறுத்தும். தொடக்கத்துக்குத் தட்டையான உறையே மேல்.

வில் பிடிக்கும் கையைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். நவீன வில்லில் அம்பு தங்க ஒரு தாங்கி இருக்கும். மரபு வில் பலவற்றில் அது கிடையாது. அம்பு நம் கைமேல் ஏறித்தான் போகும். வில்லின் அழுத்தம் கட்டைவிரல் அடிச்சதையில் விழ வேண்டும், மற்ற விரல்கள் தளர்ந்து வில்லைச் சுற்றியிருந்தால் போதும். இறுக்கிப் பிடித்தால் வில் திரும்பும், முன்கை நாணின் வழிக்குள் வந்துவிடும்.

கையைக் கீறுவது பெரும்பாலும் இறகின் முன்முனை. இறகுத் தண்டின் முன்நுனியை உப்புத்தாளால் ஒன்றுமில்லாத அளவுக்குத் தேய்த்து, ஒரு சொட்டுப் பசை வைத்து, 1 செ.மீ. நீளத்துக்கு நூலைச் சுற்றி மறுபடியும் பசை தடவ வேண்டும். முனையிலிருந்து வாலை நோக்கி ஒரு பஞ்சை ஓட்டிப் பாருங்கள். பஞ்சு எங்கே சிக்குகிறதோ அங்கே உங்கள் தோலும் சிக்கும். மூங்கில் அம்பானால் கணுக்களையும் இப்படியே பார்க்க வேண்டும். மூன்று இறகில் வேறு நிறமான ஒற்றை இறகு வில்லுக்கு எதிர்ப்புறம் பார்க்கட்டும். பிளாஸ்டிக் இறகு வைத்த அம்பைக் கைமேல் வைத்து எய்யவே கூடாது. அது மடங்கிக் கொடுக்காது, கையையும் கிழிக்கும், அம்பையும் திருப்பும். இவ்வளவுக்குப் பிறகும் இடக்கை ஆள்காட்டிக் கணுவின் மேல் ஒரு தோல் துண்டைக் கட்டிக்கொள்வது நல்லது.

ஆனால் கைக்கு வரும் உண்மையான பெருங்காயம் இறகினால் வருவதில்லை, உடைந்த அம்பினாலும் குட்டையான அம்பினாலும் வருகிறது. முழுதாக இழுத்த நிலையில் அம்பின் முனை வில்லுக்கு முன்னால் 2 அங்குலமாவது நீண்டிருக்க வேண்டும். அண்ணனின் வில்லும் தம்பியின் அம்பும் கலந்துவிடும் வீடுகளில் இது மிக முக்கியம். முனை கைக்குப் பின்னால் வந்து, அந்நிலையில் நாணை விட்டால் அம்பு நேராகக் கைக்குள்தான் போகும். அதேபோல் ஒவ்வொரு அம்பையும் எய்யும் முன் இரு முனையும் பிடித்து மெல்ல வளைத்து, சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். கீறல் தெரிந்தாலோ மெல்லிய முறியும் சத்தம் கேட்டாலோ அதை உடனே ஒடித்துப் போடுங்கள், பசை போட்டு ஒட்டாதீர்கள். விரிசல் விட்ட அம்பு நாணின் உதையில் உடைந்து, பின்பாதி இடக்கைக்குள் இறங்கும். கார்பன் அம்பானால் எக்ஸ்ரேயில்கூட எளிதில் தெரியாத இழைகள் சதைக்குள் தங்கும். கல்லில், மரத்தில் பட்ட அம்பை ஆராயாமல் திரும்ப நாணில் பூட்டுவதைத்தான் நான் எல்லாவற்றிலும் அதிகம் அஞ்சுகிறேன்.

முன்கையில் நாண் அடிப்பதற்குக் காப்பு மட்டும் மருந்தாகாது. காப்பு அடியைத் தாங்கும், அடிப்பதை நிறுத்தாது. முழங்கையின் உள்மடிப்பு மேலே பார்த்தபடி இருந்தால் முன்கை நாணின் வழியில் உப்பிக்கொண்டு நிற்கும். உள்ளங்கையைச் சுவரில் ஊன்றி, தோளையும் கையையும் அசைக்காமல் முழங்கையை மட்டும் திருப்பி, அந்த மடிப்பு நெட்டுக்குத்தாக நிற்கும்படி பழக்குங்கள். இரண்டு வாரத்தில் வந்துவிடும். அடுத்து நாணுக்கும் வில் பிடிக்கும் உள்ள இடைவெளி. பெரியவர் கை முட்டியை மடக்கிப் பிடியில் வைத்துக் கட்டைவிரலை நிமிர்த்தினால் அதன் நுனி நாணைத் தொட வேண்டும், அதாவது 6 முதல் 7 அங்குலம். நாண் தளர்ந்து இடைவெளி குறைந்தால் அடி நிச்சயம். நாணைக் கழற்றிக் கூடுதலாகச் சில முறுக்குப் போட்டு மாட்டினால் இடைவெளி கூடும். காப்பு மணிக்கட்டுக்குச் சற்று மேலிருந்து 15 செ.மீ. நீளமாவது இருக்கட்டும். கொக்கியும் முடிச்சும் வெளிப்பக்கம் வர வேண்டும்.

மந்திரித்த கயிறு, வளையல், கைக்கடிகாரம், மோதிரம், தொங்கும் ஜிமிக்கி, நீளமான நகம், தொளதொளத்த சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி எல்லாம் நாணில் மாட்டும். கயிற்றைக் கழற்ற மனம் வராத வீட்டில் அதை வலக்கை முழங்கைக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொள்ளச் சொன்னால் கேட்பார்கள். துப்பட்டாவை மடித்துக் கட்டாமல் எந்தப் பெண்பிள்ளையையும் கோட்டில் நிறுத்தாதீர்கள்.

நம் பகுதியின் ஈரத்தையும் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தோல் உறை ஊறி வீங்கும், நாண் அதில் ஒட்டி இழுக்கும். எய்த பிறகு நிழலில் காற்றோட்டமாக விரித்து உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் அப்பளமாக விறைத்துவிடும், அடுப்புப் பக்கம் வைத்தால் வெடிக்கும். காய்ந்ததும் நாண் படும் முகத்தில் மட்டும் சிறிது தேன்மெழுகு தேய்க்கலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம். தோல் தொளதொளத்துப் பள்ளம் விழும். சித்திரை வெயிலில் பிரச்சினை வியர்வை. உறைக்குள் முகப்பவுடர் கொஞ்சம் தட்டினால் போதும். நாண் பட்ட இடத்தில் ஒரு பள்ளம் விழுவது இயல்பு. அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நகம் மாட்டும் அளவுக்கு ஆழமானால் உறையை மாற்றிவிடுங்கள்.

விரலில் காய்ப்பு ஏறியிருந்தால் அதைப் பெருமையாக வைத்துக்கொள்ள வேண்டாம். குளித்த பின் ஊறியிருக்கும்போது மெல்லத் தேய்த்துச் சமமாக்குங்கள், மேடாக விட்டால் நாண் அதில் தட்டும். கொப்புளத்தைக் குத்தி மஞ்சள் வைத்து மறுநாளே வில்லை எடுக்கும் வழக்கத்தை விடச் சொல்லுங்கள்.

பயிற்சி அளவைப் பற்றி ஒரு சொல். 10, 12 வயதுப் பிள்ளைக்கு 10 முதல் 15 பவுண்டுக்கு மேல் தேவையில்லை. பெரியவர்களே 20, 25-இல் தொடங்குவது நல்லது. முதல் இரண்டு வாரம் நாளுக்கு 30 அம்புக்கு மேல் வேண்டாம். வில்லைத் தொடும் முன்பே, 3 மி.மீ. நைலான் கயிற்றில் பிள்ளையின் இழுப்பு நீளத்துக்கு ஒரு வளையம் கட்டி, இடக்கையில் ஒரு முனையைத் தாங்கி, வலக்கை மூன்று விரலால் மறுமுனையைக் கொக்கி போட்டு, விரலைத் தளர்த்தி விடப் பழக்குங்கள். விரலைத் 'திறப்பது' வேறு, பிடியைத் தளர்த்துவது வேறு என்பது அதில்தான் கைக்குத் தெரியும். சரியாக விட்டால் வலமுழங்கை தானாகப் பின்னே போகும், கை கன்னத்தை ஒட்டியே நகரும்.

தேசியப் போட்டிகளில் இந்தியன் ரவுண்டு என்ற பிரிவில் இன்றும் மூங்கில் வில்தான். 50 மீட்டரிலும் 30 மீட்டரிலும் எய்கிறார்கள். அங்கே போய் நிற்கும் பிள்ளைகள் விரலுறையும் கைக்காப்பும் அணிந்தே எய்கிறார்கள். நம் பிள்ளைகளும் அங்கே போக வேண்டுமானால் இங்கேயே அவற்றோடு பழக வேண்டும்.

விஜயதசமியை ஒட்டிப் பள்ளிகளும் கூடங்களும் 'ஒரு அம்பு எய்து பாருங்கள்' என்று நிகழ்ச்சி வைப்பதுண்டு. நல்ல முயற்சி. அங்கே சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவில் விரலுறைகள், இரண்டு கைக்காப்புகள், 12 பவுண்டுக்கு மேற்படாத வில், 30 அங்குலத்துக்குக் குறையாத அம்புகள், ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று விரலை வைத்துக் கொடுக்கத் தெரிந்த ஒருவர் ஆகியவை இருந்தாக வேண்டும் என்று நிகழ்ச்சி நடத்துபவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நாளிதழும் இனி வில்வித்தைப் படம் வெளியிடும்போது உறையும் காப்பும் அணிந்த கைகள் தெரியும் படத்தையே தேர்ந்தெடுக்க வேண்டுகிறேன். பிள்ளைகள் படத்தைப் பார்த்துத்தான் முதலில் வில்லைப் பிடிக்கிறார்கள்.

இப்படிக்கு,
வில் பயிற்சியாளர் ஒருவர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.